சர்வர் டவுன்: எழுதியவருக்குத் தெரிகிறதா?

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் ஆலங்குடி, மென்பொருளுக்குப் பெயர் பெற்ற ஊர் அல்ல. அது ஒரு வட்டத் தலைநகர். சுற்றிலும் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று பூவும் பலாவும் தென்னையும் வாழையும் விளையும் ஊர்கள். ஆனாலும் இந்த வட்டாரத்தின் அன்றாட வேலைகளில் எத்தனை, எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நம்பி நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-ஆம் தேதி சேர்ந்ததிலிருந்து, ரேஷன் கடையில் விரல் ரேகை பதிவதும் அரிசி வாங்கும் முறையில் ஒரு பகுதியாகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 2018-இல் ஸ்டார் 2.0 என்ற ஏற்பாடு வந்ததிலிருந்து பத்திரப் பதிவு இணையவழியில் நடக்கிறது. பட்டா மாறுதல், வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையம். பூ வாங்கினாலும் டீ குடித்தாலும் யூபிஐ. இவற்றில் எது நின்றாலும், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வதற்கு இருப்பது ஒரே பதில்தான்: "சர்வர் டவுன்." சிக்னல் இல்லாமல் இருக்கலாம், ஆதார் சரிபார்ப்பு தாமதமாகியிருக்கலாம், முந்தின நாள் இரவு ஏற்றிய புதிய நிரலில் ஒரு வரி பிசகியிருக்கலாம். காரணம் எதுவானாலும் கேட்பவருக்குக் கிடைப்பது அதே பதில்தான்.

அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு ஒருவர் பஸ் ஏறி ஊர் திரும்புகிறார். அவருடைய அரை நாள் கூலி போய்விட்டது. கவுன்ட்டர் ஊழியருக்குக் காரணம் தெரியாது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் திறமை உள்ளவர், அந்த நிரலை எழுதியவர். அவரோ சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து அடுத்த வசதிக்கான நிரலை எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று எழுதியது இன்று ஆலங்குடியில் தடுமாறுவது அவர் கண்ணில் படவில்லை. பாதிப்பு ஓரிடத்திலும் அதைச் சரிசெய்யும் அறிவு வேறிடத்திலும் இருப்பதுதான் இன்றைய மென்பொருள் சேவைகளின் அடிப்படைக் குறை. நிரல் எழுதுபவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் எடிட்டருக்குள்ளேயே, ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் நிலை தெரிய வேண்டும் என்ற புதிய போக்கு இந்த இடைவெளியைக் குறைக்கும். அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த உண்மைகள் காட்சியை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்கின்றனவே தவிர, மூடி வைக்கச் சொல்லவில்லை.

முதலில் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஓடும் செயலி தன்னைப் பற்றி மூன்று வகையான தகவல்களை வெளியே சொல்லும். முதலாவது லாக்: இன்ன நேரத்தில் இன்னது நடந்தது என்று வரிவரியாக எழுதி வைக்கும் நாட்குறிப்பு. இரண்டாவது மெட்ரிக்: நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை தோற்றன, சராசரியாக எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற எண்கள். மூன்றாவது ட்ரேஸ்: ஒரே கோரிக்கை எந்தெந்தச் சர்வர்கள் வழியாகப் போயிற்று, எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்ற பயணப் பதிவு. விரல் ரேகை வைத்த ஒரு கோரிக்கை, கடையின் பிஓஎஸ் கருவியில் தொடங்கி, உணவுத் துறைச் சர்வருக்குப் போய், ஆதார் சரிபார்ப்புக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். இதில் எந்தக் கட்டத்தில் சிக்கியது என்பதை ட்ரேஸ்தான் சொல்லும். கூகுள் தன் நிறுவனத்துக்குள் பயன்படுத்திய டேப்பர் என்ற ட்ரேஸ் ஏற்பாட்டைப் பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. தனித்தனியாக வளர்ந்த இரண்டு திட்டங்கள் 2019-இல் ஒன்றிணைந்து ஓப்பன்டெலிமெட்ரி என்ற பொதுத் தரமாயின. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒரே வடிவத்தில் தகவல் தரவும் பெறவும் முடியும் என்ற நிலை அதன்பிறகே வந்தது.

இந்தத் துறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது விற்றது மின்னஞ்சலையோ அலுவலகச் செயலிகளையோ அல்ல. கணினி வலையமைப்புகளை நிர்வகிக்கவும் கண்காணிக்கவும் உதவும் மென்பொருளைத்தான். பின்னர் வந்த மேனேஜ்எஞ்சின் பிரிவும், இணையதளங்களும் செயலிகளும் இயங்குகின்றனவா என்று இரவு பகலாகப் பார்க்கும் சைட்24x7 சேவையும் அதே மரபில் வந்தவை. கோயம்புத்தூரில் வேரூன்றிய கோவை.கோ நிறுவனம் 2011-இல் தொடங்கியதும் ஒரு கண்காணிப்புக் கருவியோடுதான்: மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வரைக் கவனிக்கும் பிஸ்டாக்360. உலகின் பெரிய நிறுவனங்களின் சர்வர்களைக் கண்காணிக்கும் கருவிகளைச் செய்து விற்ற அனுபவம் நமக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவிகள் பெரும்பாலும் கண்காணிப்புக்கென்றே அமர்த்தப்பட்ட தனிக் குழுவுக்காகச் செய்யப்பட்டவை. சுவரில் பெரிய திரைகள், பச்சையும் சிவப்புமாக விளக்குகள், ஷிஃப்ட் முறையில் ஆட்கள் என்ற ஏற்பாடு அது. விளக்கு சிவப்பானால் அவர்கள் ஒரு டிக்கெட் போடுவார்கள். அது பல கை மாறி எழுதியவரிடம் வந்து சேரும்போது "பட்டா பக்கம் திறக்கவில்லை" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கியிருக்கும்.

எடிட்டருக்குள் கண்காணிப்பு என்பது இந்த வழியைக் குறுக்கும் முயற்சி. நிரலை எழுதவும் திருத்தவும் சோதிக்கவும் பயன்படும் மென்பொருளே எடிட்டர். 2015-இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் எடிட்டர்களில் ஒன்று. அதில் சேர்க்கும் நீட்சிகள் மூலம், நிரலின் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் மேலேயே அது உண்மையான பயனர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டலாம்: கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை அழைக்கப்பட்டது, எத்தனை முறை தோற்றது, சராசரியாக எத்தனை மில்லிவினாடி எடுத்தது. தோல்வியைச் சொடுக்கினால் அது நிகழ்ந்த வரியில் கொண்டுபோய் நிறுத்தும். கண்காணிப்புக் கருவி விற்கும் நியூ ரெலிக் நிறுவனம் 2021-இல் கோட்ஸ்ட்ரீம் என்ற எடிட்டர் கருவியை வாங்கியது இதற்காகத்தான். டேட்டாடாக், சென்ட்ரி போன்ற மற்றவையும் இதே திசையில் வந்தன. லைட்ரன், ரூக்அவுட் போன்ற நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஓடிக்கொண்டிருக்கும் செயலியை நிறுத்தாமல், "இந்த வரியைக் கடக்கும்போது இந்த மாறியின் மதிப்பு என்ன" என்று எடிட்டரிலிருந்தே கேட்டு விடை பெறும் வசதியை அவை தந்தன. 2005-இல் சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 10 இயங்குதளத்தோடு வெளிவந்த டிட்ரேஸ்தான் இதற்கெல்லாம் முன்னோடி.

இது நடக்க ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. சர்வரில் ஓடுவது நிரலின் எந்தப் பதிப்பு என்பதும் எடிட்டரில் திறந்திருப்பது எந்தப் பதிப்பு என்பதும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் என்ற பதிப்பு நிர்வாகக் கருவி ஓர் அடையாள எண் தருகிறது. செயலி அனுப்பும் ஒவ்வொரு ட்ரேஸிலும் அந்த எண்ணும் சேர்ந்து வந்தால்தான், தோல்வி எந்த வரியில் என்று பிசகில்லாமல் சொல்ல முடியும். இதைச் சிறிய விவரம் என்று ஒதுக்க முடியாது. இதைக் கவனிக்காததன் விலை என்ன என்பதை 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தை பார்த்தது.

நைட் கேபிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம் அன்றைக்குள் தன் எட்டுச் சர்வர்களிலும் புதிய நிரலை ஏற்றியிருக்க வேண்டும். ஏழில் ஏற்றப்பட்டது, ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் பகுதி விழித்துக்கொண்டு, நிறுத்தமில்லாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 2013-இல் வெளியிட்ட ஆணையில் ஒரு விவரம் இருக்கிறது. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தப் பழைய பகுதியின் பெயரைக் குறிப்பிட்டு, அந்த அமைப்பே தானாக 97 மின்னஞ்சல்களை நிறுவன ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை அவசர எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாததால் யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அதைவிடக் கொடுமை, பிரச்சினை தொடங்கியதும் சரிசெய்கிறோம் என்று சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கிவிட்டார்கள். பாதிப்பு பெருகியது. தகவல் இருந்தது, தெரிய வேண்டியவர் பார்க்கும் இடத்தில் இல்லை. எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது நிரலுக்கு அருகிலேயே தெரிந்திருந்தால், அந்த ஏழைத் தொடும் துணிவு யாருக்கும் வந்திருக்காது.

எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு. 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாட்களில் தன்னைத்தானே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்யத் தொடங்கியது. முன்னுரிமை குறைந்த ஒரு வானிலைப் பணி, முன்னுரிமை மிக்க பணிக்குத் தேவையான ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் மற்றொரு பணி புகுந்து காலத்தைக் கடத்தியதுதான் காரணம். பூமியில் இருந்த பொறியாளர்கள் அதே மென்பொருளைத் தங்கள் ஆய்வகத்தில் ட்ரேஸ் பதிவோடு ஓட்டிக் கோளாறை மீண்டும் வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். சோதனைக்காக வைத்திருந்த கருவிகளைப் பறக்கும் மென்பொருளிலிருந்து நீக்காமல் விட்டிருந்ததால், கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்தே திருத்தத்தை அனுப்ப முடிந்தது. எழுதியவருக்கும் ஓடும் இடத்துக்கும் நடுவே செவ்வாய்க்கும் பூமிக்கும் உள்ள தொலைவே இருந்தாலும், பார்வை இருந்தால் கோளாறு தீரும். பார்வை இல்லையென்றால் சென்னைக்கும் ஆலங்குடிக்கும் உள்ள தொலைவும் கடக்க முடியாததாகிவிடும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்பவர்கள் 2025 ஏப்ரல் 12-ஆம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். அன்று நாடெங்கும் யூபிஐ பல மணி நேரம் தடுமாறியது. அதற்கு முன் மார்ச் 26-ஆம் தேதியும் ஒரு தடங்கல். ஏப்ரல் தடங்கலுக்கு, யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ கண்ட காரணம் கவனிக்கத்தக்கது. "இந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று" என்று நிலையைக் கேட்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகளின் மென்பொருள் வெள்ளமாக அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் அது. இதில் எந்த வங்கியின் நிரலும் தனியாகப் பார்த்தால் தவறாகத் தெரியாது. விடை வராவிட்டால் மறுபடி கேள் என்பது சாதாரண வரி. ஒரு பொறியாளர் தன் மேசையில் சோதித்தால் அது சரியாகவே வேலை செய்யும். கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பணம் அனுப்பும்போதுதான் அதே வரி விஷமாகிறது. விடை தாமதமாகத் தாமதமாகக் கேள்வி பெருகும்; கேள்வி பெருகப் பெருக விடை இன்னும் தாமதமாகும். பின்னர் 2025 ஆகஸ்ட் 1 முதல் நிலையறியும் கோரிக்கைக்கும், ஒரு செயலியில் நாளுக்கு 50 முறைக்கு மேல் இருப்பைப் பார்ப்பதற்கும் வரம்புகள் வந்தன. சில தவறுகள் நிரலில் இல்லை, நிரல் ஓடும் கூட்டத்தில் இருக்கின்றன என்பதே இதன் பாடம். அத்தகைய தவறை எத்தனை முறை நிரலை வாசித்தாலும் காண முடியாது. அந்த வரிக்கு மேலேயே "இது நிமிடத்துக்கு இத்தனை லட்சம் முறை அழைக்கப்படுகிறது" என்ற எண் தெரிந்தால் மட்டுமே எழுதியவருக்கு உறைக்கும்.

ஆலங்குடி வட்டார விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் இருக்கின்றன. சுவிட்சைப் போடுபவரின் கண்ணெதிரே முள் ஏறுவதும் இறங்குவதும் தெரிவதால்தான், மோட்டார் புகைவதற்கு முன் அணைக்க முடிகிறது. அந்த மீட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் மாட்டி, முள் எகிறினால் கடிதம் போடுகிறோம் என்றால் எந்த விவசாயியும் ஒப்புக்கொள்ள மாட்டார். மென்பொருளில் நாம் அந்த ஏற்பாட்டைத்தான் இத்தனை காலம் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு, வேலைப் பிரிவினை பற்றியது. கண்காணிப்புக்கு என்றே அனுபவமுள்ள குழுக்கள் இருக்கும்போது, எழுதுபவரின் கவனத்தைச் சிதறடிப்பானேன் என்கிறார்கள். எச்சரிக்கை மணி நூறு முறை அடித்தால் நூற்றியோராவது முறை காது கேட்காது என்பதும் உண்மைதான். ஆனால் எடிட்டருக்குள் வேண்டியது மணி அல்ல. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுப்பப்பட வேண்டியவர்கள் கண்காணிப்புக் குழுவினரே. அந்த ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். எடிட்டரில் வேண்டியது சூழல்: ஒருவர் ஒரு வரியைத் திருத்தக் கை வைக்கும்போது, அந்த வரி வெளியே எப்படி வாழ்கிறது என்ற தகவல். சத்தமில்லாமல், கேட்டால் மட்டும், எழுதும் இடத்திலேயே. எழுதியவரே இயக்கத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006-லேயே ஒரு நேர்காணலில் சொன்னார். பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டுக் காட்சியைக் கொடுக்காமல் இருப்பது நியாயமாகாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: தனியுரிமை. ஓடும் செயலியில் இருப்பது மக்களின் ஆதார் எண், நில விவரம், வங்கிக் கணக்கு. அவற்றை ஒவ்வொரு நிரலாளரின் மடிக்கணினியிலும் தெரிய விடலாமா? இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2018 மே மாதம், கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் உள்புற லாக்கில் பதிவாகியிருந்ததைக் கண்ட ட்விட்டர், தன் 33 கோடி பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கும் கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் அதேபோல் உள்ளே சேமிக்கப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் இந்த இரண்டிலும் தவறு, தகவல் எங்கே காட்டப்பட்டது என்பதில் இல்லை. எதைப் பதிவு செய்தார்கள் என்பதில்தான். அத்தகைய தகவலை எழுதும் முன்பே மறைத்துவிட்டால் எந்தத் திரையில் காட்டினாலும் ஆபத்தில்லை. எழுதிவிட்டால் எங்கே பூட்டி வைத்தாலும் ஆபத்துதான். தவிர, லாக் எழுதாமல் இருக்கும் உரிமை இன்று யாருக்கும் இல்லை. இந்தியக் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வைத்திருப்பதைக் காக்கும் கடமையையும் சுமத்துகிறது. பதிவு எப்படியும் இருக்கப்போகிறது. அதில் ஆளை அடையாளம் காட்டும் எதுவும் இல்லாமல் செய்து, மீதியை எழுதியவருக்குக் காட்டுவதே இரண்டு கடமைக்கும் பொருந்தும் வழி.

மூன்றாவது மறுப்பு அதிகாரம் பற்றியது. பார்க்க முடிந்தவர் நாளை தொடவும் முடிந்தவராவார் என்ற அச்சம் அது. இதற்குப் பிரிட்டனின் அஞ்சல் துறை தந்த பாடம் கசப்பானது. 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் புகுத்தப்பட்ட ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. அதை நம்பி, 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளை நடத்திய ஃபுஜிட்சு நிறுவனத்தார் கிளையின் கணக்குக்குள் தொலைவிலிருந்தே நுழைய முடியும் என்ற உண்மை பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசரின் தீர்ப்பில்தான், மென்பொருளின் பிழைகளால் கணக்கு பிசகியிருக்க முடியும் என்பதும் தொலைவிலிருந்து நுழைய முடியும் என்பதும் உறுதியாயின. 2024-இல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்துசெய்ய வேண்டியதாயிற்று. இந்த வழக்கை எடிட்டர் கண்காணிப்புக்கு எதிரான சாட்சியாகச் சிலர் காட்டக்கூடும். எனக்கு அது ஆதரவான சாட்சியாகவே படுகிறது. அங்கே குறையாக இருந்தது பார்வையின் மிகுதி அல்ல, பார்வையின் மறைவு. யார், எப்போது, எதைப் பார்த்தார், எதைத் தொட்டார் என்ற பதிவு கவுன்ட்டரில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே விதி தெளிவு: எடிட்டரிலிருந்து பார்க்கலாம், மாற்றக் கூடாது. பார்த்ததும் பதிவாக வேண்டும். தகராறு வந்தால் அந்தப் பதிவு கவுன்ட்டர்காரர் கைக்கும் வர வேண்டும். கருவி தடுமாறியதை நிரூபிக்கும் பதிவு கிடைத்தால், ரேஷன் கடை விற்பனையாளரும் இ-சேவை மைய ஊழியரும் தாங்கள் செய்யாத தவறுக்குத் திட்டு வாங்க வேண்டியதில்லை.

நான்காவது மறுப்பு பாதுகாப்பும் செலவும் சேர்ந்தது. கண்காணிக்கும் கருவியே ஓட்டையாகலாம். 2021 டிசம்பரில் ஜாவா உலகையே ஆட்டிய லாக்4ஷெல் பிழை, லாக் எழுதும் ஒரு நூலகத்தில்தான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவியை நம்பிக் கட்டிவிட்டால், அவர்கள் கடையை மூடினால் என்ன செய்வது என்பதும் சரியான கேள்வி. ஓடும் செயலிக்குள் எட்டிப் பார்க்கும் கிளவுட் டீபக்கர் சேவையைக் கூகுள் 2023-இல் நிறுத்தியது. இவற்றுக்கான விடை, பொதுத் தரத்தில் கட்டுவதும் கட்டியதை உடனுக்குடன் புதுப்பிப்பதும்தான். ஓப்பன்டெலிமெட்ரி, ப்ரொமீதியஸ், யேகர், கிராஃபானா எல்லாமே திறமூலக் கருவிகள். உரிமக் கட்டணம் இல்லாமல் நம் சர்வரிலேயே நிறுவி நடத்த முடியும். எல்லாக் கோரிக்கைகளின் ட்ரேஸையும் சேமிக்கத் தேவையில்லை. தோற்றவற்றை முழுதாகவும் வென்றவற்றில் ஒரு சிறு பங்கையும் வைத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். அரை நாள் கூலி இழந்து திரும்பியவர்களின் நட்டத்தை எந்தத் துறையின் கணக்கும் எழுதுவதில்லை என்பதால்தான் கண்காணிப்புச் செலவு மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் இப்போது எடிட்டருக்குள் வந்துவிட்டதால் இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற நெறிமுறை போன்றவற்றின் மூலம், உதவியாளரே கண்காணிப்புக் கருவியிடம் லாக்கைக் கேட்டு வாங்கி, கோளாறு எங்கே என்று ஊகித்துத் திருத்தத்தையும் எழுதித் தர முடிகிறது. பெரிய வசதிதான். ஆனால் நிரலை எழுதுவது மனிதனல்ல என்றாகும்போது, ஒவ்வொரு வரியும் வெளியே எப்படி நடந்துகொள்கிறது என்று மனிதன் பார்க்க வேண்டிய தேவை கூடத்தான் செய்யும். மறைக்கப்படாத லாக் வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம். தனியுரிமைக்குச் சொன்ன விதி இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிது. சர்வர் தன்னிடம் வந்து சேர்ந்த கோரிக்கையைத்தான் எண்ண முடியும். சிக்னல் இல்லாமல் பிஓஎஸ் கருவியிலேயே நின்றுவிட்டது அதன் கணக்கில் வராது. ஆயுள் முழுக்க மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைக் கருவி படிக்க மறுத்ததும், பக்கம் திறக்காமல் ஒருவர் அலுத்துப்போய் எழுந்து போனதும் அப்படியே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையேறிய கஜா புயலில் இந்த வட்டாரத்தில் மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. அப்படி ஓர் ஊரே இருட்டில் கிடக்கும் நாளில், அங்கிருந்து தோல்வி ஒன்றுகூடப் பதிவாகாது. எழுதியவரின் எடிட்டரில் 99 சதவீதம் வெற்றி என்று பச்சையாகத் தெரியும். அந்த எண் பொய் அல்ல. ஆனால் ஆலங்குடி அதற்குள் இல்லை. இதற்கு இரண்டு பரிகாரம் உண்டு. ஒன்று, கருவியிலேயே தோல்வியைப் பதிந்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பச் செய்வது. மற்றொன்று, எண்களை மாநிலச் சராசரியாகக் காட்டாமல் வட்டம் வாரியாகப் பிரித்துக் காட்டுவது. வழக்கமாக நாளுக்கு இத்தனை கோரிக்கை வரும் ஊரிலிருந்து இன்று ஒன்றுமே வரவில்லை என்றால், அந்த அமைதியைத் தோல்வியாகக் காட்ட வேண்டும். இதைச் செய்யாத கண்காணிப்பு, நகரத்துக்கு மட்டும் கண் வைத்த கண்காணிப்பு.

இது ஊர்ப்புறத்து இளைஞர்களுக்கும் ஒரு வாசல். ஜோஹோ 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்து, உலகத்துக்கான மென்பொருளைச் சிற்றூரிலிருந்து எழுத முடியும் என்று காட்டியது. எழுதுவதற்கு மட்டுமல்ல, ஓடுவதைக் கவனித்துச் சரிசெய்வதற்கும் இனி சுவர் நிறையத் திரைகள் வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினியும் நம்பகமான இணைப்பும் போதும். புதுக்கோட்டை மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஓடும் நிரலைப் படிக்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், கவுன்ட்டரின் சிரமம் என்ன என்று நேரில் கண்டு வளர்ந்தவர்களே அந்தக் கவுன்ட்டருக்கான மென்பொருளைப் பராமரிப்பவர்களாக வர முடியும்.

அரசுத் துறைகள் மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது, எத்தனை பக்கங்கள், எத்தனை படிவங்கள் என்று எழுதுகிறார்கள். இனி நான்கு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். ஓடும் செயலியின் நிலை, ஆளை அடையாளம் காட்டும் தகவல் நீக்கப்பட்டு, எழுதியவரின் எடிட்டரிலேயே தெரிய வேண்டும். அந்தப் பார்வை வாசிப்புக்கு மட்டுமே; அதுவும் பதிவாக வேண்டும். எண்கள் வட்டம் வாரியாக இருக்க வேண்டும். தடங்கல் நேர்ந்தால் எந்த வட்டத்தில், எவ்வளவு நேரம், என்ன காரணம் என்பதைத் துறை பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கவுன்ட்டரில் "சர்வர் டவுன்" என்று கேட்டால், ஊழியரிடம் கோபப்பட வேண்டாம். தேதி, நேரம், இடம், திரையில் தெரிந்த பிழைச் செய்தி அல்லது விண்ணப்ப எண், இந்த நான்கையும் குறித்துக்கொண்டு புகார் எண்ணுக்கோ துறைக்கோ தெரிவியுங்கள். இந்த நான்கும் இருந்தால், எழுதியவர் லாக்கில் உங்கள் கோரிக்கையைத் தேடிப் பிடிக்க முடியும். பிடிக்க முடியவில்லை என்றால், அது அவரிடம் வந்து சேரவே இல்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும்.